முதல் தொண்ணூறு நாள்

சிங்கப்பூர் லெங்கோக் பாருவில் அந்த அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு தமிழ் நாள்காட்டி தொங்குகிறது. தேக்கா பக்கம் மளிகைக் கடையில் தீபாவளிச் சாமான் வாங்கினால் சும்மா கொடுப்பார்களே, அதுதான். முருகன் படம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் இருக்கும். நான் முதன்முதலாகப் போனபோது ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தது. 41. 38. 22.50. 22.50. 6. நாலு நம்பர் லாட்டரிக்குக் குறித்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். அன்றன்று ராத்திரி கையில் மிச்சமிருந்த காசாம்.

நான் பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவள். பதினைந்து வருஷத்தில் எத்தனையோ கம்பெனிகளின் ரொக்கப் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன். அந்த நாள்காட்டி அளவுக்கு நேர்மையான ஒன்றைப் பார்த்ததில்லை.

மாதம் இரண்டு சனிக்கிழமை, உதவித்தொகையில் இருக்கும் குடும்பங்களைப் போய்ப் பார்த்துவரும் தொண்டூழியம் எனக்கு. கழுத்தில் அட்டை தொங்கும். அந்த அட்டையை வைத்துத்தான் அக்கா பக்கத்து வீட்டு மக்சிக்கிடம், அந்த மலாய் அம்மாவிடம், "கவர்மெண்ட்ல இருந்து தங்கச்சி வருது" என்று சொல்லி வைத்திருந்தார். நான் கவர்மெண்ட் இல்லை என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு 42 வயது. மணமுறிவு ஆகிவிட்டது. ஜீவனாம்சம் சில மாதம் வரும், பல மாதம் வராது. பதினான்கு வயதில் ஒரு பெண், பத்து வயதில் ஒரு பையன், நாலு வயதில் கடைக்குட்டி. அரசாங்கத்தின் ஈரறை வாடகை வீடு. சமூக சேவை அலுவலகம் வழியாகக் காம்கேர் என்ற அரசாங்க உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. காம்கேர் 2005இல் வந்தது. அந்த அலுவலகங்கள் 2013இலிருந்து பேட்டை பேட்டையாகத் திறந்தன. வேலை செய்யக்கூடிய வயதில் இருப்பவர்களுக்கு இந்த உதவி சில மாதக் கணக்கில்தான் கிடைக்கும். அந்தத் தவணை முடிவதற்குள் வேலை தேட வேண்டும், பிறகு மறுபடி பரிசீலிப்பார்கள். இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவும் வேலைக்குப் போகத் துடித்துக்கொண்டுதான் இருந்தார்.

2024 அக்டோபரில் அவருக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தேன். இந்த இடத்தில்தான் என் பெருமை தலைக்கேறியது. சாங்கி பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. துப்புரவாளர்களுக்கு என்று படிப்படியான சம்பள உயர்வு முறை இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து அலுவலகத் துப்புரவாளருக்கு மாதம் குறைந்தது 1,740 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். சம்பளத்தைப் பார்த்தேன், மசே நிதி, அதாவது மத்திய சேமநிதி, உண்டா என்று பார்த்தேன், வாரம் எத்தனை நாள் என்று பார்த்தேன். எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டேன், ஏழு மணி என்றார்கள், சரி என்றேன். கடைக்குட்டி போகும் பராமரிப்பு நிலையமும் கதவைத் திறப்பது ஏழு மணிக்குத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அக்கா வீடு இருக்கும் ரெட்ஹில்லில் இருந்து சாங்கிக்கு ஏழு மணிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ஆறு அடிக்கும் முன்பே ரயிலில் இருக்க வேண்டும். கடைக்குட்டியைக் கொண்டுபோய் விடும் பொறுப்பு பதினான்கு வயதுப் பெண் தலையில் விழுந்தது. ஏழு மணிக்குத் தம்பியை விட்டுவிட்டு அவள் ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது வாசற்கதவு சாத்தியிருக்கும். மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது. பத்தொன்பதாம் நாள் அக்கா வேலையை விட்டார்.

அன்று ராத்திரி நான் நிரப்பிய படிவத்தில் "வேலையை விட்டதற்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. "ஊக்கம் போதவில்லை" என்று எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. கை தானாக எழுதியது. உதவி வாங்கிப் பழகியவர்களுக்கு உடம்பு வளையாது என்று சின்ன வயதிலிருந்து காப்பிக்கடையில், கல்யாண வீட்டில், என் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன பேச்சு அது. அந்தக் காகிதம் இன்னும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் நான் என் தொழிலை ஒழுங்காகச் செய்தேன். ஒரு தாளை எடுத்து, வேலைக்குச் சேரும் நாளை ஒன்று என்று வைத்து, தொண்ணூறு நாள் வரைக்கும் கோடு போட்டேன். எந்த நாளில் எந்தக் காசு வரும், எந்த உரிமை எந்த நாளில் கைக்கு எட்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன்.

சம்பளத்தில் தொடங்குகிறேன். வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். பிப்ரவரி 3ஆம் தேதி சேர்ந்தவருக்கு மார்ச் 7 வரைக்கும் காத்திருப்பு. நடுவில் கறுப்புக் காலணி வாங்க வேண்டும், ரயிலுக்கும் பேருந்துக்கும் அட்டையில் காசு போட வேண்டும், வெளியில் ஒருவேளையாவது சாப்பிட வேண்டும். வேலைக்குப் போவதற்கே செலவு இருக்கிறது, அது முதல் நாள் காலையிலேயே தொடங்கிவிடுகிறது. வரவு முப்பத்திச் சொச்சம் நாள் கழித்துத்தான்.

அடுத்தது விடுப்பு. சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு எடுக்க மூன்று மாதச் சேவை வேண்டும். மூன்று மாதம் முடிந்தால் 5 நாள். அது ஏறி ஏறி ஆறு மாதத்தில் 14 நாள் ஆகும். ஆண்டு விடுப்புக்கும் மூன்று மாதம். ஏழு வயதுக்குக் கீழே சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளை இருந்தால் கிடைக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கும் அதே மூன்று மாதம்.

குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் வேலைநலன் துணை வருமானம் நல்ல திட்டம்தான். 2025இலிருந்து அக்கா வயதுக்காரருக்கு ஆண்டுக்கு 3,500 வெள்ளி வரை கிடைக்கலாம். ஆனால் ஜனவரி வேலைக்கு உரியது மார்ச் கடைசியில்தான் வரும், அதிலும் நாற்பது விழுக்காடுதான் ரொக்கம், மிச்சம் மசே நிதிக்குப் போய்விடும்.

2023 நவம்பரில் காம்லிங்க் பிளஸ் என்று ஒன்று அறிவித்தார்கள். வாடகை வீடுகளில் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பங்களுக்கானது, ஏறத்தாழ 10,000 குடும்பம். குடும்பத்துக்கு ஒரு வழிகாட்டி. பாலர் பள்ளி, வேலை, கடன் அடைப்பு, வீடு வாங்கச் சேமிப்பு என்று நாலு பக்கமும் ஊக்கத்தொகை. வேலைக்கானது இப்படி: மசே நிதி கட்டும் வேலையில், குறித்த அளவுக்குக் குறையாத சம்பளத்தில் நிலைத்து நின்றால் ஒவ்வொரு காலாண்டுக்கும் 450 முதல் 550 வெள்ளி, ரொக்கமும் மசே நிதியுமாக. அந்தக் காலாண்டு என்பதும் மூன்று மாதம்தானே.

தாளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லது எல்லாம் தொண்ணூறாம் நாளுக்கு அந்தப் பக்கம் கூட்டமாக நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு பொட்டல். பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது, காலணி வாங்குவது, மேற்பார்வையாளரின் முகம் பழகுவது, கையில் 6 வெள்ளியோடு படுப்பது எல்லாம் இந்தப் பொட்டலில். வேலை வாங்கித் தருவதைத்தான் நாங்கள் உதவி என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அது ஒரு நாள் வேலை. தொண்ணூறு நாள் ஒரு குடும்பத்தை அந்தப் பொட்டலைக் கடக்க வைப்பது எங்கள் யாருடைய படிவத்திலும் இல்லை.

இடையில் அக்காவின் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. "ஒழுங்கா ஒரு இடத்துல நில்லுடா" என்று அக்கா அவரைத் திட்டாத நாள் இல்லை. நானும் அதே ரகத்தில்தான் பேசுவேன். இந்தத் தாளைப் போட்ட பிறகு திட்ட வாய் வரவில்லை. அவருக்கு ஓட்டிய காசு அதே வாரம் கையில். பிள்ளையைக் கொண்டுவிட வேண்டுமென்றால் செயலியை அணைத்துவிட்டுப் போகலாம். 2025 ஜனவரியில் வந்த சட்டப்படி 1995இலோ அதற்குப் பிறகோ பிறந்த, இப்படிச் செயலி வழியாக வேலை செய்யும் இணையத்தள ஊழியர்களுக்கு மசே நிதியும் கட்டாயம். உடம்பு இருக்கும்வரை ஓடும் வண்டி என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மாதச் சம்பளம் என்பது மாதக் கடைசிவரை தாக்குப்பிடிக்க முடிந்தவனுக்கான ஏற்பாடு என்று அவர் சொன்னபோது, கணக்கு எழுதும் எனக்குப் பதில் வரவில்லை.

அக்காவுக்கு இன்னொரு பயம் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு நாலு மாதம் பிடித்தது.

"வேலைக்குப் போனா வாடகைய ஏத்திருவாங்கல்ல, தங்கச்சி?"

ஏற்றுவார்கள்தான். மானிய வீடு எதையும் இதற்குமுன் வாங்காத குடும்பம், மாத வருமானம் 800 வெள்ளிக்குள் என்றால், ஈரறை வீட்டுக்கு அப்போது 44 முதல் 75 வெள்ளி வரை வாடகை. வருமானம் 801 முதல் 1,500 என்று ஆனால் 123 முதல் 165. அதற்கு மேலே போனால் இன்னும் கூடும். ஆனால் குத்தகை இரண்டு ஆண்டுக்கு. சம்பளம் வந்த மறுநாள் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை, புதுப்பிக்கும்போதுதான் பார்ப்பார்கள். அக்காவின் குத்தகை முடிய ஒரு வருஷத்துக்கு மேலே இருந்தது. இதைக் கடிதத்தை எடுத்துவைத்து, தேதியைத் தொட்டுக் காட்டிச் சொன்னபோதுதான் அவர் முகம் இளகியது. நூறு வெள்ளிக்காக இவ்வளவு பயமா என்று கேட்பவர்கள் அந்த நாள்காட்டியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் இரண்டாவது வேலை. இந்தத் தடவை தேடியது அக்கா. அலெக்சாண்ட்ரா பக்கம், பேருந்தில் பத்து நிமிஷம், காலை எட்டு மணி. சம்பளம் அதே 1,740. பராமரிப்பு நிலையத்தில் ஏழு மணிக்குப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அக்காவே போய்விடலாம். மூத்தவள் நேரத்துக்குப் பள்ளிக்குப் போனாள். இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு குடும்பத்தின் மூன்று வாரம் செலவாகியிருந்தது.

தொண்டூழியர்கள் காசு கொடுக்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி, காரணம் புரிகிறது. முதல் வாரம் 80 வெள்ளி கொடுத்தேன். அக்கா அதை நாள்காட்டியின் ஓரத்தில் "த. 80" என்று எழுதி வைத்தார். த என்றால் தங்கச்சி. ஏப்ரலில் திருப்பிக் கொடுத்துவிட்டு அதன்மேல் ஒரு கோடு போட்டார்.

ஐந்தாவது வாரம் கடைக்குட்டிக்குக் கை, கால், வாய் நோய். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும், டாக்டர் எழுதும் எம்சி, அந்த மருத்துவச் சான்று, முடியும்வரை நிலையத்துக்குள் விடமாட்டார்கள். டாக்டர் எட்டு நாள் எழுதினார். அதில் ஆறு நாள் அக்காவுக்கு வேலை நாள். சாங்கியில் நடந்தது திரும்பவும் நடக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

நடக்கவில்லை. அதற்குக் காரணம் எந்தத் திட்டமும் இல்லை, ஒரு மேற்பார்வையாளர். அறுபது வயதைத் தாண்டிய சீனர், அக்கா அவரை அங்கிள் என்பார். தமிழும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. இருவரும் பேசிக்கொள்வது கொஞ்சம் பசார் மலாயில். விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டு நாளைச் சாயங்கால நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த இரண்டு நாளும் மூத்தவள் பள்ளி முடிந்து வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டாள். மிச்ச நாலு நாள் சம்பளமில்லா விடுப்பு. வாரம் ஆறு நாள் வேலையில் 1,740ஐ நாள் கணக்குக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 67 வெள்ளி. நாலு நாளுக்கு 268 வெள்ளி போயிற்று. போனது போகட்டும், வேலை போகவில்லை. காம்கேர் உதவிக்கு ஒப்புக்கொண்ட மாதங்கள் இன்னும் முடியாமல் இருந்ததால் அந்த மாதம் அடுப்பு எரிந்தது. உதவி ஒரு மாதம் முன்னதாக நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் அக்காவும் பேசிக்கொள்வதில்லை.

அந்த அங்கிளை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். நன்றி சொல்லப் போனேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையை ஆட்டி "நெவர் மைண்ட், நெவர் மைண்ட்" என்று வாளியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வெட்டு இல்லாத முதல் முழுச் சம்பளச் சீட்டை அக்கா மே மாதம் என்னிடம் காட்டினார். அதற்கு முந்தியவை எல்லாம் ஏதாவது ஒரு விடுப்பில் குறைந்தவை. மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் நீவி, ஒவ்வொரு வரியாகக் கேட்டார். 1,740இல் தொழிலாளி பங்கு மசே நிதி 348. "இது எங்க போகுது?" வீட்டுக்கும் வயசான காலத்துக்கும் என்றேன். முதலாளியும் அவர் பங்குக்குப் போடுவார் என்றேன். "பார்க்கத்தான் காசு, தொடறதுக்கு இல்ல" என்றார். அடுத்த வரியில் 5 வெள்ளி.

"இது என்ன அஞ்சு வெள்ளி?"

"சிண்டா, அக்கா. நம்ம இந்தியச் சமூகத்துக்கு உதவற அமைப்பு. இந்தியர்கள் எல்லார் சம்பளத்துலயும் பிடிப்பாங்க. சம்பளத்துக்கு ஏத்த மாதிரி."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பையனுக்குப் பள்ளி திறக்கும் சமயம் புத்தகப்பையும் எழுதுபொருளும் அங்கிருந்து வந்தது உண்டு. மூத்தவள் அங்கே துணைப்பாட வகுப்புக்குப் போகிறாள்.

"அப்ப நானும் குடுக்கறேனா?"

"குடுக்கறீங்க."

அந்தச் சீட்டை மடித்து, முருகன் நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தார். கைக்கு வந்தது 1,387. அன்று ராத்திரி பென்சிலால் எழுதிய எண் என்ன என்று நான் பார்க்கவில்லை. பார்க்கும் உரிமை எனக்கில்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

என்னைக் கேட்டால் பெரிதாக ஒன்றும் மாற்ற வேண்டாம். காசு இருக்கிறது, திட்டமும் இருக்கிறது, தேதிதான் சரியில்லை. சட்டம் மாதத்துக்கு ஒருமுறையாவது சம்பளம் கொடு என்கிறது. வாரா வாரம் கொடுக்காதே என்று சொல்லவில்லை. முதல் மூன்று மாதம் மட்டும் பாதி மாதத்தில் ஒரு பங்கைக் கொடுக்க எந்த முதலாளிக்கும் தடையில்லை. கணக்குப் பிரிவில் அது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும்: அரை மணி நேரம். காலாண்டு முடிந்ததும் தரும் 450 வெள்ளியில் 150ஐ முப்பதாம் நாளே தந்தால், அதே காசுக்கு மும்மடங்கு பலம். வேலை தேடிக் கொடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் எவ்வளவு என்பது இல்லை, பிள்ளையை எத்தனை மணிக்கு யார் வாங்கிக்கொள்வார்கள் என்பது. பராமரிப்பு நிலையக் கட்டண விஷயத்தில் ஒரு முடிச்சு ஏற்கெனவே அவிழ்ந்திருக்கிறது: தாய் வேலை பார்த்தால்தான் முழு மானியம் என்று இருந்தது, 2024 டிசம்பரிலிருந்து மாத வருமானம் 6,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பங்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. பிள்ளையை விட இடம் இருந்தால்தானே வேலை தேடவே போக முடியும். அதைப் புரிந்துகொண்ட யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு ஆறுதல்.

வீடு வாங்கும் திட்டத்தைப் பற்றி அக்காவிடம் இன்னும் பேசவில்லை. சொந்தமாக மசே நிதியில் ஒரு வெள்ளி போட்டால் இரண்டு வெள்ளி சேர்த்துப் போடுகிறார்கள், 30,000 வரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரு வெள்ளி மிஞ்சும்போது பேசிக்கொள்ளலாம்.

ஜூலையில் துப்புரவாளர் சம்பளம் 1,910 ஆனது. அந்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, நான் அலுவலகத்தில் இருக்கும்போது அக்கா அழைத்தார். அந்த நேரத்தில் அவர் அழைத்ததே இல்லை. மாடிப்படியில் நின்று எடுத்தேன்.

"என்னக்கா, என்ன ஆச்சு?"

"சின்னவனுக்குக் காய்ச்சல். வீட்ல இருக்கேன்."

என் வயிறு கலங்கியது. அங்கிளிடம் சொன்னீர்களா, எத்தனை நாள் எம்சி, மக்சிக் வீட்டில் இருக்கிறாரா என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அக்கா சிரித்தார்.

"இல்லம்மா, பிள்ளைக்குனு குடுக்கற லீவு எடுத்திருக்கேன். நீங்கதான சொன்னீங்க, மூணு மாசம் தாண்டினா உண்டுன்னு. டீ போட்டுக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். சும்மாதான் போன் பண்ணேன்." பின்னால் மின்விசிறி கடகடத்தது. "தங்கச்சி, எனக்கு இப்ப சம்பளம் ஓடிக்கிட்டே இருக்குல்ல?"

"ஓடிக்கிட்டே இருக்குக்கா."

"ம்," என்றார். டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.